லாபிரிந்த் கேன்யனில் ஐந்து நாள் கனூ: நீச்சல் தெரியாத 54 வயதுக்காரி போகலாமா?

வேப்பம்பூ | ஆகஸ்ட் 9

எல்லாருக்கும் வணக்கம். மகள் டென்வரில் வேலை பார்க்கிறாள். செப்டம்பர் கடைசியில் யூட்டா மாநிலத்தில், கிரீன் ஆறு ஓடும் லாபிரிந்த் என்ற பள்ளத்தாக்கில், கைடோடு போகும் கனூ (துடுப்புப் படகு) பயணத்துக்கு என் பெயரையும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாள். என்னிடம் கேட்கவே இல்லை. ரூபி ரான்ச் என்ற இடத்தில் படகை இறக்கி மினரல் பாட்டம் வரைக்கும் 45 மைல், ஐந்து நாள். நடுவில் கடை கிடையாது, போன் எடுக்காது, ராத்திரி மணலில் கூடாரம்.

எனக்கு நீச்சல் தெரியாது. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியபோது இறங்கும்வரை கண்ணைத் திறக்காதவள் நான். வலது முழங்கால் வேறு மக்கர் பண்ணும். மகள் "ஏரி மாதிரிதான் இருக்கும், வாம்மா" என்கிறாள். வீடியோ தேடிப் பார்த்தால் வெள்ளை நுரைக்குள் படகு குப்புறக் கவிழ்கிறது. போய்வந்தவர்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தைரியம் மட்டும் சொல்ல வேண்டாம், அது மகளிடமே நிறையக் கிடைக்கிறது.

துடுப்புக்காரன் | ஆகஸ்ட் 9

அக்கா, அந்த ஆற்றில் மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை கைடோடு, அப்புறம் இரண்டு தடவை நண்பர்களோடு.

நீங்கள் பார்த்த வீடியோ கேட்டராக்ட் கேன்யனாக இருக்கும். கிரீன் ஆறு கொலராடோ ஆற்றில் போய்ச் சேர்ந்த பிறகு, சில மைல் தள்ளித்தான் அந்த நுரையெல்லாம் ஆரம்பம். நீங்கள் கரையேறும் மினரல் பாட்டம் அந்தச் சங்கமத்துக்கு 52 மைல் மேலேயே இருக்கிறது. இடையில் ஸ்டில்வாட்டர் என்று இன்னொரு பள்ளத்தாக்கு முழுதாகக் கிடக்கிறது. பெயரே அசையாத தண்ணீர். 1869-இல் ஜான் வெஸ்லி பவல் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணி நாலு மரப்படகில், தன்னோடு சேர்த்துப் பத்துப் பேராக இந்த ஆற்றில் இறங்கினார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். லாபிரிந்த், ஸ்டில்வாட்டர் இரண்டும் அவர்கள் வைத்த பெயர்கள்தான். மேலே பல இடங்களில் ஆறு அவர்களை உதைத்துத் தள்ளியிருந்தது, ஒரு படகு உடைந்தே போயிருந்தது. அதனால் இங்கே வந்தபோது நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

லாபிரிந்தில் மைலுக்கு ஓரிரு அடிதான் சரிவு. துடுப்பை எடுத்து மடியில் வைத்தாலும் படகு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீரைப் பற்றிய பயத்தை அரைப்பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். மீதி அரைப்பங்கை மூன்று விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: காற்று, வெயில், சேறு.

இதில் காற்றுதான் பெரிய ஆள். பத்துப் பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலாக, சரியாக உங்கள் முகத்துக்கு நேராக வீச ஆரம்பிக்கும். சில நாள் துடுப்புப் போடுவதை நிறுத்தினால் படகு வந்த வழியே திரும்பிப் போகும். இரண்டு பக்கமும் சுவர், ஆறு எத்தனை தடவை வளைந்தாலும் காற்றும் கூடவே வளைந்து வரும்.

அணியம் | ஆகஸ்ட் 10

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அலையில்லை, பாறையில்லை, ஆறு தானே இழுத்துப் போகிறது என்கிறீர்கள். அப்புறம் எதற்குக் கைடு? ஒரு ஆளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்குவார்கள். வாடகைக்குப் படகு எடுத்தால் அதில் கொஞ்சம்தான் ஆகும். நான் ராமநாதபுரம் கடற்கரைப் பையன். அப்பா வள்ளம் ஓட்டியவர். வழி தவறவே முடியாத ஒரு ஆற்றில் வழிகாட்டி வைப்பது கோயில் தேருக்குப் பின்னால் மேப் பார்த்துக்கொண்டு போவது மாதிரி இருக்கிறது.

சாம்பார்வாளி | ஆகஸ்ட் 10

தேர் உவமை அருமை. ஆனால் அண்ணே, கைடு இருந்தால் சமையல் அவர்கள் பொறுப்பு. எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

துடுப்புக்காரன் | ஆகஸ்ட் 10

அணியம் அண்ணா, நானும் இதையே சொல்லித்தான் இரண்டாம் தடவை கைடு இல்லாமல் போனேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் ராத்திரி அகலமான மணல் திட்டில் தங்கினோம். கனூ மூன்றையும் மணலில் பத்தடி இழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தோம், கட்டவில்லை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மேலே எங்கேயோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில் மழை பெய்திருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஆறு ஒன்றரை அடி ஏறிவிட்டது. காலையில் எழுந்து எண்ணினால் இரண்டு கனூதான் இருந்தது. மூன்றாவது இரண்டு மைல் கீழே டாமரிஸ்க் புதரில் செருகிக் கிடந்தது. எங்கள் குடிதண்ணீரில் பாதி அதில்தான். கிடைத்ததால் இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

கைடோடு போன முதல் தடவை ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பெண் படகுகளைத் தூக்கி வைத்து, கவிழ்த்து, கயிறு போட்டு மரத்தில் கட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். வெறும் கனூ காற்றில் காகிதம் மாதிரிப் பறந்துவிடும், அதனால்தான் கவிழ்ப்பது. அன்றைக்கு எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

வழி காட்ட அந்த ஆற்றில் ஆள் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். எப்போது கிளம்பக்கூடாது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். காசு அதற்குத்தான்.

அணியம் | ஆகஸ்ட் 10

படகைக் கட்டாமல் தூங்கியதற்கு ஆற்றைக் குற்றம் சொல்லக்கூடாது தம்பி. எங்கள் ஊரில் அப்படிச் செய்தால் ஒரு வாரம் சோறு கிடைக்காது.

ஆனால் கடைசியில் சொன்னது சரி. கடலிலும் அதேதான். போகலாம் என்று நூறு பேர் சொல்வார்கள், இன்றைக்கு வேண்டாம் என்று ஒரே ஒரு கிழவர் சொல்வார்.

டென்வர்_மாமி | ஆகஸ்ட் 11

எல்லாரும் தத்துவம் பேசிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். வேப்பம்பூ, கக்கூஸ் விஷயம் யாராவது சொன்னார்களா?

அந்தப் பள்ளத்தாக்கில் குழி தோண்டி மூடும் வேலை கிடையாது. ஒரு டப்பாவில் சேர்த்து, படகில் ஏற்றி, கடைசி நாள் வரை கூடவே கொண்டுபோக வேண்டும். சட்டம். அந்தக் காலத்தில் ராணுவத் தோட்டா டப்பாவையே பயன்படுத்தினார்களாம். மேலே பலகை இருக்காது, உட்கார்ந்தால் பின்பக்கம் இரண்டு கோடு விழும். அதனால் ஆற்றுக்காரர்கள் பாஷையில் அதற்கு "குரூவர்" என்றே பெயர். இப்போது உட்காரும் பலகை உண்டு, பயப்படாதீர்கள்.

சிறுநீர் மட்டும் நேராக ஆற்றில். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் விதி அதுதான். மழை இல்லாத மணலில் விட்டால் அந்த முகாம் முழுக்க நாறும். அத்தனை பெரிய ஆற்றில் கலந்தால் ஒன்றுமில்லை. ராத்திரியில் பெண்களுக்கு ஒரு வாளி வைப்பார்கள், காலையில் ஆற்றில் ஊற்றிவிட வேண்டும்.

டப்பாவை முகாமிலிருந்து தள்ளி, புதருக்குப் பின்னால், நல்ல காட்சி தெரியும் இடமாகப் பார்த்து வைப்பார்கள். போகும் பாதை ஆரம்பத்தில் ஒரு துடுப்போ காகிதச் சுருள் டப்பாவோ இருக்கும். அது இருந்தால் காலி, இல்லையென்றால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் வெட்கமாக இருக்கும். மூன்றாம் நாள் "யார் அந்தத் துடுப்பை எடுத்துப் போய் அரை மணி நேரமாச்சு?" என்று நீங்களே கத்துவீர்கள்.

வேப்பம்பூ | ஆகஸ்ட் 11

மாமி, கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தேன். தண்ணீர்?

டென்வர்_மாமி | ஆகஸ்ட் 11

காகிதத்தில் துடைத்த பிறகு கொஞ்சூண்டு தண்ணீர். அரை லிட்டர் பீச்சு பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள். ஆனால் டப்பா சீக்கிரம் நிரம்பும், எனவே கிளம்பும் முன்பே கைடிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது அந்தப் பையன் முகம் சுளிக்கவில்லை. இது அவர்கள் தினமும் பேசும் விஷயம்.

ஒரு எச்சரிக்கை: எல்லா நிறுவனமும் ஒன்றல்ல. நான் இரண்டாவதாகப் போன குழுவில் எட்டுப் பேருக்குக் கொண்டுவந்த குடிதண்ணீர் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. ஆற்று நீரை வடிகட்டலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நீரில் வடிகட்டி பத்து நிமிஷத்தில் அடைத்துக்கொண்டது. "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஏற்றுகிறீர்கள்?" என்று இப்போதே கேளுங்கள். நாலு லிட்டருக்குக் குறைவாகச் சொன்னால் சண்டை போடுங்கள்.

சாம்பார்வாளி | ஆகஸ்ட் 12

ஆற்றின் பெயரில் பச்சை இருக்கிறதே, தண்ணீர் அவ்வளவு மோசமா?

துடுப்புக்காரன் | ஆகஸ்ட் 12

பெயரை நம்பாதீர்கள். அந்த இடத்தில் பால் குறைவாக ஊற்றிய டீ நிறம். வாளியில் மொண்டு ராத்திரி முழுக்க வைத்தால் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வண்டல் இறங்கியிருக்கும். ஆற்றுக்காரர்கள் வாளியில் படிகாரம் போட்டுக் கலக்கி வைப்பார்கள். தெளிந்ததை மேலாக மொண்டு வடிகட்டினால்தான் வடிகட்டி பிழைக்கும். அதை முதல்தடவை பார்த்தபோது எனக்கு அப்பத்தா மண்பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவது ஞாபகம் வந்தது.

பாறைப்பித்தன் | ஆகஸ்ட் 13

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். நீங்கள் யாருமே பாறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மனசு கேட்கவில்லை.

அங்கே பாறை அடுக்குகள் ஆறு போகும் திசையில் மெல்ல மேலே எழும்பி வருகின்றன. ஆறு கீழே போகப்போக நீங்கள் பழைய காலத்துக்குள் இறங்குகிறீர்கள். ஆரம்பத்தில் நவஹோ மணற்கல். வெளிறிய, உருண்டை உருண்டையான மேடுகள். சாய்ந்த கோடுகள் தெரிந்தால் தொட்டுப் பாருங்கள், அவை ஒரு காலத்தில் காற்று குவித்த மணல்மேட்டின் சரிவுகள். கிட்டத்தட்ட 19 கோடி ஆண்டுக்கு முந்தைய காற்று. அப்புறம் கயென்டா படிக்கட்டு மாதிரி வரும். அதற்குக் கீழே விங்கேட், செங்குத்தான செஞ்சுவர். வழியில் நீங்கள் எடுக்கும் படத்தில் பாதி விங்கேட்டாகத்தான் இருக்கும். அதன்மேல் கறுப்பாக, எண்ணெய் வழிந்தது போல நீளக் கோடுகள் இருக்கும். இரும்பும் மாங்கனீசும் சேர்ந்து படிந்த பூச்சு. கடைசியில் சின்லே, ஊதாவும் சாம்பலுமாகச் சரிந்து கிடக்கும். 1950-களில் யுரேனியம் தேடியவர்கள் விழுந்து விழுந்து தோண்டியது இந்த அடுக்கைத்தான்.

போநாட் வளைவை விட்டுவிடாதீர்கள். ஆறு சுமார் ஏழு மைல் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்குக் கால் மைல் பக்கத்தில் திரும்பி வந்து நிற்கும். நடுவில் உள்ள குறுகிய மேட்டில் ஏறினால் இரண்டு பக்கமும் அதே ஆறு. ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் போகிறது.

ஹெல் ரோரிங் என்ற கிளைப் பள்ளத்தாக்கின் வாயில் டெனிஸ் ஜூலியன் என்ற தோல் வியாபார வேட்டைக்காரர் 1836 மே 3 என்று செதுக்கிய கல்வெட்டு இருக்கிறது. பக்கத்தில் பாய்மரம் வைத்த சின்னப் படகு. பவல் வருவதற்கு 33 ஆண்டுகள் முன்னால்! அதைப் பார்த்துவிட்டுத் தன் பெயரையும் பக்கத்தில் கிறுக்கத் தோன்றும் ஆட்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்.

அணியம் | ஆகஸ்ட் 13

எதிர்க்காற்றில் பாய்மரம் கட்டி என்ன செய்தார்? ஆற்றுக்கு எதிராக மேலே ஏறிப் போயிருப்பாரோ? அப்படியென்றால் அந்தக் காற்று அவருக்குத் தோழன்.

பாறைப்பித்தன் | ஆகஸ்ட் 14

அதே சந்தேகம்தான் வரலாற்றுக்காரர்களுக்கும். அவர் மேல்நோக்கிப் போனார் என்று நினைப்பவர்கள் உண்டு. கடற்கரைக்காரர் கண்ணுக்கு உடனே பட்டுவிட்டது பாருங்கள்.

வேப்பம்பூ | ஆகஸ்ட் 14

ஒரு சின்னக் கேள்விக்கு இவ்வளவா! போகிறேன். மகளிடம் சொல்லவில்லை, இன்னும் ரெண்டு நாள் கெஞ்சட்டும்.

டாமரிஸ்க் புதர் என்றீர்களே, அதில் மாட்டினால் ஆபத்தா?

துடுப்புக்காரன் | ஆகஸ்ட் 14

கரையோரம் தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கும். காற்று படகை அதற்குள் தள்ளினால், பயத்தில் கிளையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகச் சாய்வோம். அப்போதுதான் படகு கவிழும். மாட்டினால் கிளைப்பக்கமாகவே சாயுங்கள், கிளையை இழுக்காதீர்கள்.

அங்கே அது நம்மூர்ச் சீமைக் கருவேலம் மாதிரி. கரையைக் காக்க என்று கொண்டுவந்து நட்டார்கள், கரையையே பிடித்துக்கொண்டது. அமெரிக்கக் கண்டத்து மரம் நம் கண்மாய்க்கு வந்தது, பழைய உலகத்து மரம் அவர்கள் ஆற்றுக்குப் போனது. கணக்கு நேர். இப்போது அதன் இலையைத் தின்னும் வண்டை விட்டிருக்கிறார்கள், பல இடத்தில் புதர் காய்ந்து நிற்கும்.

வேப்பம்பூ | அக்டோபர் 6

வந்துவிட்டேன். முழுசாக.

முதல் நாள் கைடு (முப்பது வயசு இருக்கும், தலையில் நைந்துபோன ஒரு வைக்கோல் தொப்பி) என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, லைஃப் ஜாக்கெட்டோடு இடுப்பளவு தண்ணீரில் மல்லாக்கப் படுக்க வைத்தார். நான் மிதந்தேன். அவ்வளவுதான் பாடம். "இனி கவிழ்ந்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்றார். ஐந்து நாளில் கவிழவில்லை, ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு படகில் கண்ணை மூடவும் இல்லை.

யாரும் சொல்லாத ஒன்று: சத்தம். துடுப்பை எடுத்து வைத்தால் படகின் அடியில் ஸ்ஸ்ஸ் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்டதும் வருமே, அதன் கடைசிப் பகுதி மாதிரி. ஓட்டையோ என்று பயந்து மகளைக் கூப்பிட்டேன். தண்ணீரில் போகும் வண்டல் படகின் அடியில் உரசும் சத்தமாம். ராத்திரி தூக்கத்திலும் அது கேட்டது.

சேறு சொன்னது போலவேதான். இரண்டாம் நாள் இறங்கும்போது வலது கால் முழங்கால் வரை போய்விட்டது, மக்கர் பண்ணும் அதே கால். இழுத்தால் வரவில்லை. கைடு படகின் விளிம்பில் உட்கார வைத்து, குதிகாலை முதலில் அசைக்கச் சொன்னார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கையை விட்டுத் துழாவி எடுத்தோம்.

மூன்றாம் நாள்தான் காற்று. போநாட் மேட்டில் ஏறி இறங்கிவிட்டு (முக்கால்வாசி ஏறினேன், ஆறு இரண்டு பக்கமும் தெரிந்தது, போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்) அந்த ஏழு மைலைச் சுற்ற ஆரம்பித்தபோது பதினொரு மணி. பாதியில் அலை படகுக்குள் தெறித்தது. கைடு ஒன்றும் பேசாமல் கரைக்குக் கை காட்டினார். ஒரு காட்டன்வுட் மரத்தடியில் கனூக்களைக் கவிழ்த்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தோம். மதியம் போச்சு, சாயங்காலம் போச்சு. மகள் இரண்டு தடவை "இப்போ போகலாமா?" என்று கேட்டாள். அவர் மணலில் ஒரு குச்சியை நட்டு அதில் ஒரு நாடாவைக் கட்டி, "அது தொங்கும்போது" என்றார். தொங்கவே இல்லை. பல் இடுக்கெல்லாம் மணல். அங்கேயே தூங்கினோம்.

காலை ஐந்தரைக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினோம். தண்ணீர் கண்ணாடி. பக்கத்தில் டபார் என்று ஒரு சத்தம், நான் அலறினேன். நீர்நாய் மாதிரி ஏதோ என்று நினைத்தேன், பீவராம், வாலால் தண்ணீரை அடித்துவிட்டு முங்கியது. வெயில் சுவர் உச்சியில் ஒரு கோடாக விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, படகைத் தொட இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் முந்தின நாள் பாக்கியையெல்லாம் முடித்துவிட்டோம்.

டப்பா விஷயத்தில் மாமி சொன்னது நூற்றுக்கு நூறு. மூன்றாம் நாள் கத்தியதும் நான்தான்.

சாம்பார்வாளி | அக்டோபர் 6

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இது அநியாயம்.

வேப்பம்பூ | அக்டோபர் 6

சைவம் என்று முன்பே சொல்லியிருந்தேன். முதல் இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் பீன்ஸ், மறுபடி பீன்ஸ். நான் கொண்டுபோன புளியோதரை மூன்றாம் நாள் மதியம் வரை தாங்கியது. மரத்தடியில் காத்திருந்தபோது பிரித்தேன். கைடு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், மணலோடு. மோர் மிளகாயை மட்டும் பல்லி என்று நினைத்து ஒதுக்கி வைத்தார்.

அணியம் | அக்டோபர் 7

எல்லாம் சரி அக்கா. எங்கள் பக்கம் படகின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். அமரத்தில் உட்காருபவர்தான் படகைத் திருப்புவது. உங்கள் கனூவில் அமரத்தில் யார்?

வேப்பம்பூ | அக்டோபர் 7

மூன்று நாள் மகள். நாலாம் நாள் காலை இருட்டில் அவளுக்குத் தோள் வலி, நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். நேராகப் போகவில்லை, இரண்டு கரையையும் விசாரித்துக்கொண்டுதான் போனோம். ஐந்தாம் நாள் அவள் இடத்தைத் திருப்பிக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை.